உருண்டையின் புரட்டாசி

பயப்படாதீர்கள் அக்கா, எலி இல்லை. பாம்புதான்.

டிபன் கேரியரை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டீர்களே, அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லோரும் செய்வதுதான். ஆனால் இதற்கு விஷம் கிடையாது. தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, அதை ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவைப் பையில் வைத்து, பையை மடியில் வைத்திருக்கிறேன். உங்கள் சாப்பாட்டில் இதற்கு எந்த ஆர்வமும் இல்லை. எதிலுமே ஆர்வமில்லை, அதுதான் பிரச்சினை. இன்றோடு நாற்பத்திரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் பிழைக்குமோ என்னவோ. அதற்காகத்தான் கோபியிலிருந்து கோவைக்கு இந்த பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறேன். எனக்குத் தெரிந்து பாம்பு பார்க்கிற கால்நடை டாக்டர் அங்கே ஒருவர்தான் இருக்கிறார்.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டாம். சொல்லி முடிக்க அவினாசி வந்துவிடும்.

எங்கள் அம்மா இதைப் புரட்டாசி விரதம் இருக்க வைத்துவிட்டாள்.

சிரியுங்கள், பரவாயில்லை. என் வகுப்பில் முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள். நான் ஈரோட்டில் எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. ஆதாரம் இல்லாமல் எதையும் பேச மாட்டேன். என்னிடம் நோட்டு இருக்கிறது, தேதி இருக்கிறது, எடை இருக்கிறது.

பாம்பு என்னுடையது இல்லை. அண்ணனுடையது. ரங்கநாத் என்று பேர், டப்ளினில் வேலை. போவதற்கு ஒரு வருஷம் முன்னால் முறைப்படி பதிவு செய்து வாங்கினான். ஆப்பிரிக்கப் பாம்பு, ஆள் வந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும், அதனால் உருண்டை என்று பேர் வைத்தான். விசா வந்ததும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். ஓர் உயிரை வாங்கிவிட்டுப் பாதியில் விட்டுப் போவது எந்த ஊர் நியாயம் என்று நான் முக்கால் மணி நேரம் பேசினேன். ஜெயித்துவிட்டேன். அன்றிலிருந்து பாம்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பாம்பு வளர்ப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சுண்டெலி, மாதத்துக்கு ஒரு தடவை சட்டை. அதற்கு எலி வளர்ப்பதுதான் வேலை. பின்பக்கம் துணி துவைக்கிற கல் பக்கத்தில் பெரிய பேசின் மூன்று வைத்திருக்கிறேன். கீழே உமி, மேலே கம்பி வலை, வலை மேல் செங்கல். ஓர் ஆண், நான்கு பெண். எல்லாம் வெள்ளைச் சுண்டெலி. தீனி கம்பும் உடைத்த சோளமும். மூன்று நாளைக்கு ஒருமுறை உமி மாற்றாவிட்டால் பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவர் மாதிரி வீசும். சினையானதும் ஆணைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகிவிடும். வளர்ந்ததை எடுத்துப் பக்குவம் பண்ணி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வேண்டுமென்கிறபோது வெந்நீரில் போட்டால் குளிர் விட்டுவிடும், இடுக்கியில் பிடித்து நீட்டினால் உருண்டை வாங்கிக்கொள்வான். பக்குவம் என்றால் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அப்பா இல்லை, நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே வசனத்தைத்தான் சொல்வாள்: "ஊரே எலிக்கு மருந்து வெக்குது, எம்புள்ள எலிக்குப் பிரசவம் பாக்கறா." ஆனால் ஃப்ரீசரில் டப்பா இருப்பதற்கு ஒரு வருஷமாக ஒன்றும் சொன்னதில்லை. மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்று என்றாள், சுற்றினேன். உருண்டை இருக்கிற அறைக்கு மட்டும் வர மாட்டாள். வாசலில் நின்று கையைத் தட்டி, நான் வெளியே வந்த பிறகுதான் பேசுவாள். அவ்வளவு பயம்.

புரட்டாசி பிறந்தது. நாங்கள் பெருமாள் குடும்பம். கறிச்சட்டி பரணுக்கு ஏறும், ஃப்ரிட்ஜை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். நான் காலேஜிலிருந்து வந்து பார்த்தால் ஃப்ரீசர் பளபளவென்று இருக்கிறது. டப்பா இல்லை. ஆறு எலி அக்கா. என் கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

எங்கே என்றேன். தென்னமரத்தடியில் புதைத்துவிட்டதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன், மண் புதிதாகத்தான் கொத்தியிருந்தது. அப்படியென்றால் உருண்டை ஒரு மாதம் என்ன சாப்பிடும் என்றேன்.

"அதும் விரதம் இருக்கட்டும். பெருமாள் படுத்திருக்கறதே அது மேலதான். அவரு மாசத்துல அது கவுச்சி திங்குமா?"

ஆதிசேஷனுக்கும் ஆப்பிரிக்கப் பாம்புக்கும் என்ன உறவு என்று கேட்டேன். பாம்புக்கு மதம் கிடையாது என்றேன். அதற்கு அம்மா, "இந்த ஊட்டுல குடியிருக்குதில்ல?" என்றாள். இதற்குப் பேர் வாதமா, சொல்லுங்கள்.

சரி, உன் வழியிலேயே வருகிறேன் என்று, எலி பிள்ளையார் வாகனம் ஆயிற்றே, சதுர்த்தி அன்றைக்கு நான் உருண்டைக்குக் கொடுத்தபோது நீ ஏன் தடுக்கவில்லை என்று மடக்கினேன். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் காபி வைத்துக்கொண்டே, நான் சொன்னது சரிதான், அடுத்த வருஷத்திலிருந்து சதுர்த்திக்கும் கிடையாது என்றாள்.

அந்த வாதத்தில் ஜெயித்தது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் எலிகள். சாப்பிடுகிறவன் விரதம் இருந்தால் சாப்பாடு பெருகும், இது கணக்கு. ஆவணிக் கடைசியில் சினையானவை நான்கும் ஒரே வாரத்தில் போட்டன. ஒன்பது, எட்டு, ஏழு, பத்து. ரோமம் இல்லாமல், கண் திறக்காமல், சிவப்பாக விரல் நுனி அளவுக்கு. நியாயப்படி அப்போது நான் ஆணைப் பிரித்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. வேண்டுமென்றேதான் பிரிக்கவில்லை. ஒரு தப்பான உத்தரவு போட்டால் அதன் விளைவை உத்தரவு போட்டவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு போராட்ட முறைதான். வரைபடம் போட்டுத் தையல் மிஷின் மேல் ஒட்டினேன்: கார்த்திகைக்குள் முந்நூறு எலி. அம்மா அதன் பின்பக்கத்தில் யாரோ ஒருவருடைய கை அளவு எழுதிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஷம்ஷாத் அக்காவிடம் பழைய பேசின் இரண்டு வாங்கி வந்து போட்டாள். மழைச்சாரல் அடித்த அன்றைக்கு ஜாக்கெட் துணியில் மிச்சமான லைனிங்கை எல்லாப் பேசின் மேலும் போர்த்தியிருந்தாள். சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டால் முதல் கவளம் சோறு எலிகளுக்குத்தான் போனது.

ஒரு தாய் எலி இரண்டு குட்டியைத் தின்றுவிட்டது. இடைஞ்சல் பண்ணினால் தின்னும். விடுவேனா? பார், உன் வீட்டிலேயே புரட்டாசியில் ஒருத்தி கவுச்சி சாப்பிட்டிருக்கிறாள், அதுவும் பெற்ற பிள்ளையை என்றேன். அம்மா பெடலை நிறுத்தினாள்.

"காப்பாத்த முடியாதுன்னு பயந்திருக்கும் கண்ணு. அதைப் போயி வாதத்துக்கு எடுக்காத."

உணர்ச்சியைக் காட்டி வாயை அடைக்கிறார்கள், கவனித்தீர்களா?

புரட்டாசி எட்டாம் தேதி அண்ணன் போன் பண்ணினான். அவன் எப்போதுமே முதலில் உருண்டை சாப்பிட்டானா என்றுதான் கேட்பான், அப்புறம்தான் அம்மா சாப்பிட்டாளா என்பான். நான் ஸ்பீக்கரில் போட்டேன். பட்டினி கிடக்கிறான், செத்துப் போனால் அம்மாதான் கொன்றது, எழுதி வைத்துக்கொள் என்றேன். அம்மா நூல் கோத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் உமித்தூசி விழுந்திருந்ததால் முகம் கழுவப் போய்விட்டேன். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களை இனிமேல் பார்க்கப் போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

நான் விரதத்தை மீறினேன். ஓர் உயிரைக் காப்பாற்ற மூடநம்பிக்கையை மீறலாம், அதில் எனக்குக் கூச்சமில்லை. சனிக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போவாள், வர இரண்டு மணி நேரம் ஆகும். பதினொன்றாம் தேதி, பதினெட்டாம் தேதி, இருபத்தைந்தாம் தேதி, மூன்று சனிக்கிழமையும் முந்தின ஈற்றில் பிறந்து வளர்ந்த எலி ஒன்றைப் பக்குவம் பண்ணி நீட்டினேன். உருண்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று தடவையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டுவிட்டான். பசித்துக் கிடக்கிறவன் இப்படிச் செய்வானா? எலியை என்ன செய்வது, ஷம்ஷாத் அக்கா வீட்டுப் பூனைக்குப் போட்டேன். அவர் பார்த்துவிட்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். "ஐயோ, நான் எதுக்குச் சொல்றேன்" என்று அப்படிச் சிரித்தார். ஒரு மாதமாக என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார். அவருக்கென்ன, அவர் வீட்டில் புரட்டாசி இல்லை. பின்கட்டில் மீனுக்கென்றே ஒரு பழைய ஃப்ரிட்ஜ் ஓடுகிறது.

என் நிலைமையைப் பாருங்கள். உருண்டை தானாகவே சாப்பிட மறுக்கிறான் என்று நான் வெளியே சொன்னால், பார்த்தியா, பாம்புக்கே தெரிகிறது என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள். சொல்லாவிட்டால் அண்ணனிடம் பொய் சொன்ன மாதிரி. இந்த மாதிரிப் பாம்புகள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் என்று படித்திருக்கிறேன், அதற்குக் காரணம் குளிர்ச்சி, வெளிச்சம், எவ்வளவோ. ஆனால் சரியாகப் புரட்டாசியிலா? தற்செயல் என்று ஒன்று உண்டு என்று எனக்குப் பாடமே இருக்கிறது. அதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

எடையைக் கேளுங்கள். அதுதான் உச்சம். வாரா வாரம் சமையலறைத் தராசில் வைத்து எழுதுகிறேன். முதல் தேதி ஆயிரத்து நூற்று இருபது கிராம். பட்டினி கிடந்தால் குறைய வேண்டுமா இல்லையா? இருபத்தைந்தாம் தேதி ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து. கருவிப் பிழை. வாங்கிய கடைக்கே போனேன். அரை மணி நேரம் பேசியதும் கடைக்காரர் வேறு தராசு கொடுத்துவிட்டார். அது ஆயிரத்து நூற்று அறுபது காட்டுகிறது. நாட்டில் ஒரு தராசும் சரியில்லை.

அப்புறம் கழிவு. நடுவில் இரண்டு தடவை பாம்பு கழித்திருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாமல் எப்படி? பழைய இருப்பு என்று நோட்டில் எழுதினேன்.

அம்மாவோ என்னவோ ஒரு மாதிரி ஆகிவிட்டாள். எங்கள் வீட்டில் தலைக்குக் குளிப்பது செவ்வாய், வெள்ளி. புரட்டாசியில் சனியும் சேரும். இவள் வியாழக்கிழமை தலைக்குக் குளிக்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை எனக்குச் செய்முறை வகுப்பு, வீடு திரும்ப ஏழாகும். வந்து பார்த்தால் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரம் இல்லை, வாரா வாரம். என்னம்மா என்றால், வேர்த்துப் போச்சு என்பாள். இந்த மழையில் வேர்க்கிறதாம்.

ஐப்பசி பிறந்தது. ஊரே கறிக்கடை வாசலில் நின்றது. முதல் தேதி சனிக்கிழமை, நாளைக்குக் கொடு என்றாள். இரண்டாம் தேதி அவள் கண்முன்னாலேயே கொடுத்தேன், அதாவது அறை வாசலில் அவள் நின்றாள். உருண்டை தொடவில்லை. அடுத்த ஞாயிறும் தொடவில்லை. இப்போது யார் ஜெயித்தது? விரதம் முடிந்த பிறகும் பாம்பு சாப்பிடவில்லை என்றால், ஒரு மாதம் பட்டினி போட்டதில் குடல் சுருங்கிவிட்டது என்றுதானே பொருள்? அதைத்தான் சொன்னேன். உன் பெருமாள் என் பாம்பைக் கொன்றுவிட்டார் என்றேன். டாக்டரிடம் போகிறேன் என்றேன்.

அம்மா தடுத்தாள். நேற்றிலிருந்து நான்கு தடவை. "நல்லாத்தான் இருக்குது கண்ணு. எதுக்கு அலையற? இன்னொரு பத்து நாளு பாரு." பாம்பு நன்றாக இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும், அறைக்குள்ளேயே வராதவளுக்கு? குற்ற உணர்ச்சி அக்கா. பேசப் பேச முகம் வெளுத்துப் போகிறது. கடைசியில் ஊசி போடுவார்களா என்று கேட்டாள். தேவைப்பட்டால் குழாய் வைத்து வயிற்றுக்குள் தீனி இறக்குவார்கள், ஊசியும் போடுவார்கள் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

காலையில் கிளம்பும்போது இதைக் கொடுத்தாள். இந்தக் கவர். டாக்டரிடம் கொடுக்க வேண்டுமாம். "நீ பிரிக்காத தாரணி" என்றாள். கண்ணு இல்லை, அம்மிணி இல்லை, தாரணி. பிரசாதமாக இருக்கும். குங்குமமும் துளசியும் வைத்து, நல்ல புத்தி கொடு என்று டாக்டருக்கு ஒரு வேண்டுதல்.

என்ன? பிரித்துப் பார்க்கச் சொல்கிறீர்களா? பிறர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு. ஆனால் நோயாளிக்குப் பொறுப்பாளி நான். நோயாளியைப் பற்றிய தகவல் பொறுப்பாளிக்குத் தெரிய வேண்டும். அது உரிமை. சரி, நீங்கள் சொன்னதால் பிரிக்கிறேன்.

துளசி இல்லை. தினசரி காலண்டர் தாள். ஐந்து தாள். புரட்டாசி ஒன்பது. பதினாறு. இருபத்து மூன்று. முப்பது. ஐப்பசி ஆறு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஜாக்கெட் அளவு எழுதுகிற பென்சிலில் 'ஒண்ணு' என்று எழுதியிருக்கிறாள். எல்லாம் வியாழக்கிழமை.

கடைசித் தாளில் இன்னும் எழுதியிருக்கிறது. இருங்கள், பஸ் ஆடுகிறது.

"டாக்டர் அய்யாவுக்கு வணக்கம். இது பட்டினி இல்லீங்க. மேல் கண்ட தேதியில் ஒண்ணு ஒண்ணு நான் குடுத்திருக்கிறேன். டப்பாவைப் புதைக்கவில்லை, பக்கத்து வீட்டு மீன் ஃப்ரிட்ஜில் வைத்தேன். புள்ள குடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி வெந்நீரில் போட்டு இடுக்கியில் நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் குடுத்தேன், ஆனால் ஐந்தும் சாப்பிட்டது. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கிறது. வயிறு நிறைந்திருப்பதால்தான் இவள் குடுப்பதைத் தொடுவதில்லை. தயவு செய்து ஊசி போட வேண்டாம், குழாய் விட வேண்டாம். பையன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கு இது செல்லம். நான் குடுத்தது என் மகளுக்குத் தெரிய வேண்டாம். ஒரு மாசமாக அவ்வளவு பேசியிருக்கிறேன். தண்ணி மருந்து ஏதாவது குடுத்து அனுப்பவும். இப்படிக்கு கோதாமணி."

ஐந்து தாள்.

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாளாம். இடுக்கியின் நீளம் எவ்வளவு தெரியுமா? இவ்வளவுதான், என் முழங்கை அளவுகூட இல்லை.

ஆகவே, முதலாவது, அம்மா விரதத்தை மீறியிருக்கிறாள், அதுவும் ஐந்தில் நான்கு புரட்டாசியிலேயே. இரண்டாவது, பொய் சொல்லியிருக்கிறாள். தென்னமரத்தடியில் கொத்திய இடத்தில் கீரை முளைத்திருந்தது, நானே இரண்டு தடவை பறித்துக் கொடுத்தேன். மூன்றாவது, தராசு சரியாகத்தான் இருந்தது. இரண்டு தராசும். கடைக்காரரிடம் நான் பேசிய பேச்சு... அதை விடுங்கள். மொத்தத்தில் நான் ஜெயித்துவிட்டேன். இவ்வளவு சுத்தமாக இதற்கு முன்னால் ஜெயித்ததில்லை. எழுத்து மூலம் ஒப்புதல், தேதியோடு.

இல்லை, தூசிதான். இந்த ஜன்னல் மூடாது போலிருக்கிறது.

திரும்பிப் போகலாமே என்கிறீர்கள். எப்படிப் போவது? பாதியில் திரும்பினால் பிரித்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். கோவைக்குப் போக வேண்டும், கவரை டாக்டரிடம் கொடுக்க வேண்டும், அவர் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்க வேண்டும். தண்ணி மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், எல்லாம் உன்னால்தான் என்று ஒரு பத்து நிமிஷம் கத்த வேண்டும். ஷம்ஷாத் அக்காவைப் பார்த்தால் முறைக்க வேண்டும். ஆணைப் பிரித்து வைக்க வேண்டும், அது இன்றைக்கே. அடுத்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் ஆதிசேஷனிலிருந்து மறுபடி முழுச் சண்டையையும் போட வேண்டும், ஒரு வார்த்தை குறையாமல். குறைந்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். வியாழக்கிழமைகளில் நான் ஏழு மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போகக் கூடாது.

அக்கா, ஓர் உதவி. இந்தக் கவரை அம்மா சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறாள். உங்கள் கேரியரில் மேல் அடுக்கு சோறுதானே? கொஞ்சம் திறங்கள், பாம்பைக் காலடியில் வைத்துவிடுகிறேன். இரண்டு பருக்கை போதும். குழம்பு படாததாக.